நானா போடாத ஓட்டு

பதுளைக் கடைவீதியில் ஓட்டு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளைக்காரன் ஆட்சியில் படிப்பும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் அன்று ஓட்டு. மளிகைக்கடைக்காரனான எனக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து ஜவுளிக்கடை முஸ்லிம் பெரியவருக்கும் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு கட்சி.

எங்கள் ஆட்கள் கோட்டும் தலைப்பாகையுமாக விடிந்ததுமே போய் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். நானாவின் ஆட்கள் மதியம் லுகர் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்கக் குவிந்ததால் நான் மட்டும் கடையில் மாட்டிக்கொண்டேன்.

தொழுதுவிட்டு வந்த நானா, “நீங்க மொதல்ல போயிட்டு வாங்கண்ணே. ரெண்டு கடையையும் நான் பாத்துக்கிறேன். நீங்க வந்ததும் நான் போறேன்” என்றார்.

ஓட்டுப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான் திரும்பவில்லை. எதிர்க்கட்சிக்கு ஒரு ஓட்டுக் குறையட்டும் என்று, நேரம் முடியும்வரை தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் திரும்பியபோது, தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நானா என் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

“கூட்டமாண்ணே?”

“ஆமா நானா, சரியான கூட்டம்.”

ஊரில் எத்தனை பேருக்கு ஓட்டு என்று அவருக்குத் தெரியாதா?

“தோட்டத்து லயத்துக் கெழவி ஒண்ணு அரிசி கேட்டுச்சு. நானே அளந்து குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குள் போனார்.

அடுத்த தேர்தலுக்குள் நானா காய்ச்சலில் போய்விட்டார். நானா ஓட்டுப் போடாத அந்தத் தேர்தலில் ஜெயித்தது எங்கள் ஆள்தான். அதை இதுவரை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.