வண்டி சரியில்லை

என் தங்கையிடம் இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே பொய்தான்: "வண்டி சரியில்லை." அவள் மகளுக்குக் காது குத்தியபோது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும், நான் போகவில்லை. அந்தப் பெண் பெரியவளானபோது மாமன் சீர் போக வேண்டும், அதற்கும் போகவில்லை. எங்களைக் கேட்காமல் மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் மின்வாரிய வேலையில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாளே என்ற கோபம். அந்த இரண்டு நாளும் எங்கள் ஊர் பெருமாட்டியில் எங்கள் அம்பாசிடர் தேங்காய் மூட்டையோடு கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்கே தெரியாது. அதற்குள் வண்டி நிஜமாகவே நின்றுபோய், கொட்டகையில் கோழி அடையும் இடமாகிவிட்டது. போன வருடம் தங்கை போன் செய்தாள். ஐந்து மாதம் கழித்து மகளுக்கு நிச்சயம்.

"பத்தரைக்குள்ள வந்துட்டீங்கன்னா பொண்ணுக்கு மாலைய நீங்களே போட்டு உக்கார வெக்கலாங்கண்ணா. இல்லீன்னாலும் பரவால்லீங். பெரியப்பா பையன் வர்றாரு, அவரப் போடச் சொல்லிக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். அது சுருக்கென்று தைத்தது.

டாக்சி பிடித்துப் போகலாம் என்று என் மனைவி சொன்னாள். "மாமன் வந்தாப் போதுமுங்க. வண்டிய ஆரு கேட்டா?"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எந்த வண்டியைச் சொல்லி ஏமாற்றினேனோ அந்த வண்டியிலேயே போய் இறங்குவேன் என்று கத்தினேன். சித்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் எஞ்சினை இறக்கினேன். நாலு மாதம் ஆனது. சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டு அவர் சாவியைக் கொடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "பச்சை எஞ்சினுங்க, இன்னும் ஓடிப் பழகோணும். அறுவதுக்கு மேல ஓட்டாதீங்க. ரேடியேட்டர்ல கூலன்ட் அளவா ஊத்தீருக்கறனுங்க. மூடியத் தொறந்து நீங்க ஒண்ணும் ஊத்தீராதீங்க."

பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் அம்மன் கோயிலில் வண்டிக்குப் பூசை. பூசாரி கலசத் தீர்த்தத்தை மாவிலையால் பானெட் மேல் தெளித்துவிட்டு, மிச்சத்தைச் சொம்போடு என்னிடம் கொடுத்தார். மிஞ்சிய தீர்த்தத்தைக் கால் மிதிபடாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கம் வழக்கம். எப்போதும் தென்னை மூட்டில் ஊற்றுவோம். அன்றைக்கு எனக்கு வேறு புத்தி போயிற்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. இதைவிடக் கால் படாத இடம் ஏது? கூலன்ட்டோடு ஆத்தாளும் சேர்ந்து காக்கட்டும் என்று சொம்பைக் கவிழ்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் சீர்த்தட்டுகள், பட்டு, பெட்டி நிறைய மாலை. உடுமலை தாண்டி சின்னார் வரைக்கும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. எனக்கு ஒரே பெருமை. மறையூர் தாண்டி ஏற்றம் பிடித்ததும் முள் நகர ஆரம்பித்தது. காட்டிக்கொள்ளாமல் ஓட்டினேன். தேயிலை தெரிகிற இடத்தில் அது சிவப்புக் கோட்டைத் தொட்டது. பாகு காய்ச்சுகிறது போல இனிப்பாக ஒரு வாடை வந்தது. புது பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டால் நாலு மாத வேலையும் போச்சு, நிச்சயமும் போச்சு. ஓரம் கட்டினேன். பானெட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். கேஸ்கெட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "மூடியத் தொறந்தீங்களாங்க?" என்றார். இல்லை என்றேன். சத்தியமாக அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. சாமி காரியம் அந்தக் கணக்கில் வரவில்லை.

அப்புறம் தங்கையைக் கூப்பிட்டேன். மணி ஒன்பது.

"எங்கீங்கண்ணா இருக்கறீங்க?"

"மறையூர் தாண்டீட்டேன் அம்மிணி. வந்து..."

"வண்டி சரியில்லீங்களா?"

என் வாக்கியத்தை அவளே முடித்துவிட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "சரீங்கண்ணா," என்று வைத்துவிட்டாள். புலி வருது, புலி வருது என்று கூவியவன் கதைதான். நிஜப் புலி வந்து நிற்கிறது, நம்ப ஆளில்லை. அந்த ரோட்டோரத்தில் நின்று, அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஈரத் துண்டைப் போட்டு மூடியைத் திறந்தேன். பச்சையாக இருக்க வேண்டிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது. கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டேன். வெந்துபோன சாமந்தி இதழ்கள் கொத்தாக வந்தன. அதன் பின்னால் அரை மாவிலை. தண்ணீர் இறங்குகிற குழாய் வாய்களின் மேல் இவை எல்லாம் அப்பிக்கிடந்திருக்கின்றன.

மனைவி அந்த இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, தீர்த்தத்த எங்க ஊத்துனீங்க?"

நான் குச்சி ஒடிக்கப் போனேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை. குச்சியால் கிளறி முடிந்த மட்டும் எடுத்து, ஓடைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். உள்ளே இன்னும் என்ன அடைத்திருந்ததோ, இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டியிருந்தது. மூணாறு வரும்போதே பதினொன்றரை.

சித்திரபுரத்தில் மின்வாரிய குவார்ட்டர்ஸ் மேட்டில் ஏறி நின்றபோது பந்தியே நடந்துகொண்டிருந்தது. கதவு வழியாகப் பெண் தெரிந்தாள், கழுத்தில் மாலையோடு. பெரியப்பா மகன் கையில் வெற்றிலைத் தட்டு.

தங்கை வெளியே வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக வண்டியிடம் போய், பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"நெசமாலுமே சுடுதுங்கண்ணா."

"ஆமா அம்மிணி."

கையை ஊதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மொதல் ரெண்டு தடவ?"

மெக்கானிக்கிடம் சொன்னதுபோல இதற்கும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "பொய்," என்றேன்.

அவள் என் மனைவி கையிலிருந்த சீர்த்தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு, வந்தவர்கள் எல்லாரிடமும் அன்றைக்குச் சொன்னதை என்னிடமும் சொன்னாள்.

"இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."