ஜோடியாக வைத்த ஷூ

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். கறிக்குழம்பு சாப்பிட்ட அசதியில் கட்டிலில் சாய்ந்திருந்தேன். செல்போன் அடித்தது. வீடியோ கால் — என் மகள் ஜெமி.

முகம் தெரியவில்லை. இரண்டு பாதம்தான் தெரிந்தது. சாக்ஸ் போட்ட பாதம். அதற்குக் கீழே ஒரு கல் படிக்கட்டு.

“எம்மா... என் ஷூவக் காணோம்மா.”

இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு ஜெமியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் மேல்படிப்பு. போய் ஆறு மாதம் ஆகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பும் லேப்பும். சனி, ஞாயிறு ஒரு ஹோட்டலில் பகுதி நேர வேலை. அந்த ஞாயிறு ஹோட்டலில் ஏதோ ரிப்பேர் என்று லீவு விட்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் முழு லீவு!

ஒரு மணி நேரம் ரயிலில் போனால் லைப்சிக் என்ற பெரிய நகரம். அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். ஊருக்குள் ஓடும் கால்வாய், அதன் மேல் பாலங்கள், ஒரு மியூசியம், மேலே ஏறி ஊரையே பார்க்கிற மாதிரி ஒரு உயரமான கட்டடம்... எல்லாம் நடந்தே.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

“ஏட்டி, லீவுதான? மொதல்ல கோயிலுக்குப் போ. அப்புறம் எங்கன வேணும்னாலும் சுத்து” என்றேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்லுவோம். ஆறு மாதமாக அவள் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. வாரா வாரம் கேட்பேன். அவளும் வாரா வாரம் பேச்சை மாற்றுவாள். இந்தத் தடவை என்னவோ, “சரிம்மா” என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

அதோடு விட்டேனா? “முதல் மணி அடிக்கும்போதே போயிரணும். தலையில துணி போட்டுக்கோ. செருப்ப ஒழுங்கா ஜோடியா வையி” என்று வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய டீச்சர் நான். சொல்லாமல் இருக்க முடியாது.

அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள் — அதுதான் வினை.

லைப்சிக்கில் இறங்கி, ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே அங்கே ஒரு கோயிலுக்குப் போய்விட்டாள். படிக்கட்டில் ஆள் இல்லை. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் நாங்கள் யாருமே செருப்புக் காலோடு கோயிலுக்குள் போக மாட்டோம். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து ஜெமி பார்த்த பழக்கம். அங்கேயும் அப்படித்தான் என்று ஷூவைக் கழற்றி, லேஸை உள்ளே சொருகி, கடைசிப் படியின் ஓரத்தில் இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டு, மப்ளரைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது இவள் பெஞ்சின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு ஆரம்பித்துவிட்டது. எழுந்து போக வெட்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், படிக்கட்டு காலி.

“களவாணிப் பயலுவ! கோயில் வாசல்லயா?” என்று கத்தினேன்.

“கத்தாதம்மா. எனக்குக் கால் விறைக்கி.”

“பக்கத்துல ஒரு கடைல போயி ஒரு செருப்பு வாங்கிக்கோட்டி.”

“இங்க ஞாயித்துக்கெழம கடையே தெறக்க மாட்டாங்கம்மா. எத்தன மட்டம் சொல்லிருக்கேன்?”

நம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் செருப்புக் கடையில் கூட்டமே. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

“அப்பம் ஒரு டாக்ஸியப் புடிச்சு ஸ்டேஷனுக்குப் போ. ரூமுக்குப் போயிரு.”

போனைத் திருப்பி முகத்தைக் காட்டினாள். கண் சிவந்திருந்தது.

“ரூமுக்கா? ஆறு மாசத்துல ஒரே ஒரு நாளும்மா. இந்த ஒரு நாளயும் நீ சொல்லுத மாதிரிதான் ஆரம்பிச்சேன். நான் பாட்டுக்கு பாலத்தப் பாக்கப் போயிருந்தா என் ஷூ என் கால்ல இருந்திருக்கும்.”

போன் கட்டாகிவிட்டது.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன். பார்த்ததற்கான அடையாளமே இல்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, குளிரில் வெறும் சாக்ஸோடு பிள்ளை... எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சொன்னதில் என்ன தப்பு? அவள் லீவையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மேலநீலிதநல்லூரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். “நீ ஏன் இப்படிப் பதறுத? அவ சமாளிச்சுக்கிடுவா” என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீ அப்படியே ஆறிப்போனது.

ஐந்தரை மணிக்கு ஒரு போட்டோ வந்தது.

ஒரு பாலம். கீழே கால்வாய். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஜெமி. காலில்... மஞ்சள் நிறத்தில், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்! வயலில் மருந்தடிக்கப் போகிறவர் மாதிரி. ஆம்பிளை சைஸ் வேறு. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

உடனே அடித்தேன். எடுத்தாள்.

“ஏட்டி, இது எங்கன கெடச்சுது?”

“ரெண்டு தெரு சாக்ஸோட நடந்தேம்மா. ஒரு வீட்டு வாசல்ல அட்டைப்பெட்டி இருந்துச்சு. புஸ்தகம், தோசக்கல்லு மாதிரி ஒண்ணு, நாலு தட்டு, இந்த பூட்ஸ். மேல ஒரு பேப்பர்ல ‘வேணுங்கிறவங்க எடுத்துக்கோங்க’ன்னு எழுதிருந்துச்சு. இங்க அப்படித்தானாம். வேண்டாத சாமானத் தொடச்சு, அழகா ரோட்டோரம் வச்சிருவாங்க. பேப்பர்கூட சில பேர் வைக்க மாட்டாங்களாம்.”

எனக்கு மெல்ல உறைத்தது.

“அப்பம் உன் ஷூ...”

“ஆமா. ரோட்ட ஒட்டுன படி. லேஸச் சொருகி, ஜோடியா, பளபளன்னு. யாரோ எனக்கு நன்றி சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அது களவு இல்லம்மா. நீ வளத்த வளப்பு!”

சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்ய? பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பெட்டியை மூன்று தடவை எடை போட்டுப் பார்க்கிறோம். அவர்களோடு கூடவே போகிற நம் பழக்கங்களை யார் எடை போட்டுப் பார்த்தார்கள்? நான் பார்க்கவில்லை.

“மன்னிச்சுக்கோ மக்கா. உன் நாளக் கெடுத்துட்டேன்” என்றேன். டீச்சர் வாயில் அவ்வளவு சுலபமாக வருகிற வார்த்தை இல்லை அது.

“கெடலம்மா. இந்த பூட்ஸப் பாத்து எத்தன பேர் சிரிச்சாங்க தெரியுமா? மூணு பேர் அவங்களா வந்து பேசுனாங்க. மியூசியத்துக்கு வழி சொன்னாங்க.” அப்புறம், “கோயில்லயும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் புரியல. ஆனா உன் பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு” என்றாள்.

எனக்கு மறுபடியும் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று போனை ஃபேன் பக்கம் திருப்பிவிட்டேன்.

“ஆனா அடுத்த லீவுக்கு பிளான் நான்தான் போடுவேன். நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாது.”

“சொல்லல.”

“சத்தியமா?”

“சத்தியமெல்லாம் செய்யக் கூடாதுன்னு வேதத்துல இருக்குட்டி...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போன ஞாயிறு காலை. முதல் மணி அடிக்கும்போதே நானும் வீட்டுக்காரரும் கோயில் வாசலில் இருந்தோம். செருப்பைக் கழற்றினேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அப்படியே விட்டுவிட்டுப் படியேறினேன்.

“ஏ, செருப்பு கோணலா கெடக்கு பாரு” என்றார் அவர்.

“கெடக்கட்டும்” என்றேன்.