மலையடி டீக்கடை

ஆடி வெள்ளி. திண்டுக்கல் ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து, மலையடி டீக்கடையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம். தெருவெல்லாம் மஞ்சள் புடவைக் கூட்டம். வெயில் ஏறுமுன் மலைமேல் அம்மன், அப்புறம் தாடிக்கொம்புப் பெருமாள் என்கிறேன். மனைவி முழங்காலைத் தடவியபடி பாறையை அண்ணாந்து பார்க்கிறாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்று தேங்காய்ப் பையை என் பக்கம் நகர்த்துகிறாள்.

டீ ஆற்றும் பாய் நிமிர்கிறார். "மேல கோயில் மட்டுந்தான் இருக்குக்கா. அம்மன ஊருக்குள்ள கொண்டாந்து எம்புட்டோ காலமாச்சு. இந்தத் தெருவுல செத்த நேரம் நடந்தாப் போதும்."

அவள் பாதி டீயை வைத்துவிட்டு எழுகிறாள். பையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள்.

"பாவம், அம்மனுக்கும் முழங்கால் வலி போலிருக்கு" என்கிறாள்.