பதிலக்கா போன நேர்காணல்

எங்க பத்திரிகையை வாங்கறவங்க எல்லாரும் தனியார் பள்ளியில பிள்ளையைச் சேர்த்தவங்க, இல்லன்னா சேர்க்கத் துடிக்கறவங்க. ஹோம்வொர்க்னா அழற பிள்ளையை எப்படிச் சமாளிக்கறது, சேர்க்கை நேர்காணல்ல பெத்தவங்க என்ன பேசறது, எல்லாம் நாங்க சொல்லணும். கேள்வி-பதில் பக்கம் எழுதறவளுக்கு ஆபீஸ்ல பேரு பதிலக்கா. நான் பக்கம் வடிவமைக்கறவ, பக்கத்து மேஜை.

அடுத்தவங்க வீட்டுப் பிரச்சினைன்னா அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. சொந்தக் கதைதான் சிக்கல். புருஷன் வெளியூர்ல வேலை தேடறேன்னு போனவன் போனவன்தான், பாவி! கைக்குழந்தையா இருந்த மகளை ஒத்தையா வளர்த்தா. ஊர்க்கோடியில இருக்கற காப்பகத்துல விட்டுட்டு வந்து, அது மூடறதுக்குள்ள தினமும் மூச்சு வாங்க ஓடுவா.

இந்த வருஷம் மகளுக்குப் பள்ளி. எங்க ஆபீஸுக்கு எதிர்ல இருக்கற பள்ளியில மட்டும்தான் சாயங்காலம் வரைக்கும் பிள்ளைங்களைப் பார்த்துக்குவாங்க. அங்க இடம் கிடைக்கலன்னா அக்கா வேலையை விடணும். வேற வழியே இல்ல.

"அம்மா அப்பா சேர்ந்து போங்க"ன்னு பத்திரிகையில எழுதினவளே அவதான். அந்த நாள் வந்ததும், "துணைக்கு நீ வாடி"ன்னு என் கையைப் பிடிச்சா.

வெளியில காத்திருந்தவங்கள்ல பாதிப் பேர் மடியில எங்க பத்திரிகை. உதட்டை அசைச்சு அசைச்சு மனப்பாடம் பண்றாங்க. எனக்குப் பெருமை தாங்கல. அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுது.

மகளையும் கூட்டிக்கிட்டு மூணு பேரும் உள்ளே போனதும் தலைமை ஆசிரியை கேட்டாங்க: "எங்க பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"மார்க்கைத் தாண்டி, குழந்தையோட..."ன்னு அக்கா ஆரம்பிச்சா.

"...தனித்திறமையை மதிக்கற பள்ளி," அந்தம்மாவே முடிச்சாங்க. "காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் ஒப்பிக்கறாங்க. நீங்களும் அந்தப் பத்திரிகைதான் படிக்கறீங்களா?"

தான் எழுதினதையே காப்பியடிச்சு மாட்டிக்கிட்டவ உலகத்துலயே இவ ஒருத்தியாத்தான் இருப்பா. எழுதினதே நான்தான்னு சொன்னாலும் வம்பு, சொல்லாட்டியும் வம்பு.

குட்டி சும்மா இருக்குமா? "எங்கம்மா படிக்க மாட்டாங்க, அவங்கதான் அதை எழுதுவாங்க. எல்லா அம்மாவுக்கும் என்ன பேசணும்னு சொல்லித் தருவாங்க"ன்னு போட்டு உடைச்சிடுச்சு. எனக்கு உசிரே போச்சு.

அந்தம்மா சிரிக்கல. "அப்போ உங்களுக்கு யாரும்மா சொல்லித் தர்றாங்க?"ன்னு மெதுவா கேட்டாங்க.

அக்கா அழுதுட்டா. "யாருமில்ல மேடம். இவங்கப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டார். நீங்க சாயங்காலம் வரைக்கும் இவளைப் பார்த்துக்கிட்டாத்தான் நான் வேலைக்குப் போக முடியும். அதுக்காகத்தான் வந்தேன். மத்ததெல்லாம் சும்மா எழுதினது."

பக்கத்துல நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், யாருமில்லையாம்! ஆனா கோபம் வரல, என் கைக்குட்டையை எடுத்து அவ கையில திணிச்சேன்.

"இன்னிக்கு நான் கேட்ட முதல் பதில் இதுதான்"னு சொல்லிட்டு, தலைமை ஆசிரியை குட்டிப் பக்கம் குனிஞ்சாங்க. "சாயங்காலம் வரைக்கும் எங்களோட இருக்கியா?"

"அம்மா எங்க இருப்பாங்க?"

அந்தம்மா எழுந்து ஜன்னலைத் திறந்து, எதிர்ல எங்க ஆபீஸைக் காட்டினாங்க. குட்டி எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் அழுதுக்கிட்டிருந்த அம்மாவோட முகத்தைத் தன் பக்கம் திருப்பிச்சு.

"இனிமே நீ மூச்சு வாங்க ஓடி வர வேணாம்மா. மெதுவாவே வா."