ஒரே கையால் எழுதிய பதினோரு ராஜினாமா

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். துறைமுகத்துக்கு வெளியே இருந்த கன்டெய்னர் யார்டில் சேர்ந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. வண்டிகள் வந்து போவதைக் கணினியில் பதிவது என் வேலை. சரக்கு கையாளும் பத்துப் பேரும் என்னைவிட மூத்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் மடித்த காகிதத்தோடு வந்து நிற்பார்கள்.

"ஏலே, இதுல என்னலே போட்டுருக்கான்?"

நான் படித்துச் சொல்வதுதான் தீர்ப்பு. அதை எங்கள் மேலாளர் கவனித்து வைத்திருந்தார்.

வெள்ளம் வந்த வருஷம், தங்கள் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நிற்க, இறால் கன்டெய்னர்களின் குளிர் போய்விடக் கூடாது என்று இந்தப் பத்துப் பேரும் மூன்று நாள் ஜெனரேட்டருக்குக் காவல் கிடந்தார்கள். மேலாளர் விழா வைத்து, 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த பனியன் கொடுத்தார். முதல் துவைப்பில் குடும்பம் போய்விட்டது.

மேலாளரின் காலண்டரில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சுக்கு அப்பால் மாதமே கிடையாது. அடுத்த மார்ச்சில் என்னை ஏசி அறைக்குக் கூப்பிட்டு காபி கொடுத்தார்.

"ஆள் எண்ணிக்கையைக் குறைச்சுக் காட்டணும் தம்பி. எல்லாரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு, மறுநாளே கான்ட்ராக்டர் ஆளா வந்துடலாம். அதே வேலை, அதே சம்பளம். நீங்க சொன்னா கேப்பாங்க."

"திரும்ப எடுப்போம்னு எழுத்துல தருவீங்களா சார்?"

"குடும்பத்துக்குள்ள எதுக்குத் தம்பி எழுத்து?" என்று சிரித்தார். ராஜினாமாவை மட்டும் எழுத்தில் கேட்டார்.

நான் நம்பினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர்களுக்குப் பத்து, எனக்கு ஒன்று. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று பதினோரு முறை, அச்சடித்தது போல. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணாச்சிக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"நான் இருக்கேன்லா அண்ணாச்சி."

போட்டுவிட்டார்.

மூன்று மாதம் கான்ட்ராக்டர் ஆட்களாக அதே வேலை ஓடியது. ஜூலை முதல் தேதி கேட்டில் பத்துப் பேரின் கார்டுக்கும் சிவப்பு எரிந்தது. உள்ளே வேறொரு கான்ட்ராக்டரின் ஆட்கள். என் கார்டுக்கு மட்டும் பச்சை.

"போலே, உள்ள போ," என்றார் அண்ணாச்சி. "எங்க பேர அழிக்கதுக்கும் எழுதத் தெரிஞ்ச ஆளு வேணும்லா."

போனேன். அழித்தவனும் நான்தான்.

புது ஆட்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு மீன் கன்டெய்னர் இரண்டு நாள் கரண்ட் இணைப்பில்லாமல் நின்றது. நாற்றம் ஏசி அறை வரை போனது. மேலாளர் வாசனை ஸ்பிரே வாங்கிவரச் சொன்னார்.

பத்துப் பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். கம்பெனி அந்தக் கடிதங்களை நீட்டியது. அங்கிருந்த அதிகாரி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, "ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கே, யார் எழுதுனது?" என்று கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் டீக்கடையில் அண்ணாச்சிதான் இதைச் சொன்னார்.

"ஏன் அண்ணாச்சி, என் பேரைச் சொல்லலாம்லா?"

"சொன்னா ஒன் சோறும் போயிரும்லே, மடையா."

கம்பெனி எனக்குக் காட்டாத விசுவாசத்தை, நான் கெடுத்த மனிதர் காட்டினார்.

மறுநாள் மேலாளர் மறுபடி காபி கொடுத்தார். "யாராவது கேட்டா, அவங்களே வெளியில எழுதி வாங்கிட்டு வந்தாங்கன்னு சொல்லிடுங்க. உங்களை ஏப்ரல்ல பெர்மனன்ட் பண்ணிடலாம்."

"எழுத்துல தருவீங்களா சார்?"

அதே சிரிப்பு. நான் காபியைத் தொடவில்லை. அன்றே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன்: 'பதினோரு கடிதங்களையும் கம்பெனி அறையில், கம்பெனி தாளில், மேலாளர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்.' அதே எழுத்து. யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

வழக்கு இன்னும் நடக்கிறது. என் கார்டுக்கு மறுநாள் காலையிலேயே சிவப்பு எரிந்துவிட்டது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்த அண்ணாச்சி அதைப் பார்த்தார்.

"இப்பந்தாம்லே பதினோரு கடுதாசியும் சரியாச்சு," என்றார்.