ராதாமணியின் ‘காண்க’ அட்டைகள்

ஒத்தக்கடைத் தனியார் கல்லூரி ஒன்றின் நூலகத்துக்கு 2007 ஜூலையில் அழகுபாண்டி வந்து சேர்ந்தான். அன்றைக்கே ராதாமணி பழைய அட்டை அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதுவரை அந்த அலமாரி பூட்டப்பட்டதே இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை யாரும் திறந்ததும் இல்லை. ஆனாலும் பூட்டினார்.

ராதாமணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. வில்லாபுரத்தில் வீடு. கணவர் நாகசுப்பிரமணியன் தெற்குமாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் மேலாளர். நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் கொடுத்து, ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை என்று, கம்ப்யூட்டர் வரும்வரை பதினைந்து வருஷம் எழுதி வைத்தவர் அவர்தான். சந்தேகப் புத்தி அக்காவுக்குப் பிறவியிலேயே வந்தது என்று தங்கை கேலி செய்வாள். அது சரியில்லை. அது வந்தது 1998ல்.

அந்த வருஷம்தான் நூலகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வெளியூர்க் கம்பெனி ஆட்கள் வந்து அட்டைகளை டிரே டிரேயாகத் தூக்கிப்போய், தமிழ்ப் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் வாய்க்கு வந்தபடி தட்டி, இரண்டே மாதத்தில் முடித்துக் கொடுத்தார்கள். புத்தகம் தேடியவர்கள் கிடைக்கவில்லை என்று முணுமுணுத்தபோது கம்பெனி ஊரிலேயே இல்லை. பிழைகள் மூல அட்டைகளில் இருந்தவை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. மூல அட்டை என்றால் ராதாமணி. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வரவில்லை, பிறகும் வரவில்லை. அதிலிருந்து கையெழுத்துப் போடுகிற எந்தக் காகிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

அழகுபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முப்பத்திரண்டு வயது. சென்னையில் நாலு வருஷம் வெப்சைட் வேலை பார்த்தவன். நூலகத்தின் இணையப் பட்டியலைப் புதிதாக்கித் தரவேண்டும் என்று நிர்வாகம் அவனை எடுத்திருந்தது. அதிர்ந்து பேசாதவன். ராதாமணி உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். இம்புட்டு மரியாதை ஒருவனுக்கு எதற்கு என்பதே அவருக்கு முதல் சந்தேகம்.

பழைய இணையப் பக்கத்தில் பெயரை முழுசாகத் தட்டி, பொத்தானை அமுக்கிக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். அவன் செய்த புதிய பக்கத்தில் தமிழிலேயே தட்டலாம். ஓர் எழுத்து போட்டதுமே, பக்கம் அசையாமல், பெயர்கள் வரிசையாகக் கீழே வந்து விழுந்தன. அட்டைப்படம் தெரிந்தது. எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்பதும் தெரிந்தது. மாணவிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராதாமணி கடைசியில் போய் உட்கார்ந்து ‘ரா’ என்று தட்டிப் பார்த்தார். அவர் மனசில் நினைத்திருந்த பெயரே மூன்றாவதாக வந்து நின்றது. நாம் நினைப்பது இதற்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவன் பொறுமையாக விளக்கினான். எதையோ மறைக்கிறவன்தான் இவ்வளவு நீளமாக விளக்குவான் என்று பட்டது அவருக்கு.

இன்னொரு காரியமும் அவன் செய்தான். யார் எதைத் தேடி ஏமாந்தார்கள் என்று அந்தப் பக்கம் தினமும் ஒரு பட்டியல் போட்டுக்கொடுத்தது. காலையில் அதை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போடுவான். அவனுக்கு அது பக்கத்தைச் சீர்செய்ய ஒரு குறிப்பு. ராதாமணிக்கோ அது தன் தப்புகளுக்கு யாரோ எடுக்கிற கணக்கு.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, பக்கத்தின் அடியில் வாசகர்கள் எழுத விட்டிருந்த கட்டத்தில் ஒரு செய்தி வந்து கிடந்தது. அதன் நகல் ஆபீசுக்கும் போயிருந்தது.

‘வெள்ளைத்துரை தொகுத்த ஒப்பாரிப் பாடல் புத்தகத்தை 1989ல் உங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இப்போது பதினோரு முறை தேடிவிட்டேன், இல்லை என்றே வருகிறது. வேறெங்கும் பிரதி கிடையாது. புத்தகத்தை என்ன செய்தீர்கள்? – செல்லக்கிளி.’

மத்தியானத்துக்குள் ராதாமணி கையில் மெமோ வந்துவிட்டது. மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். மெமோவை இரண்டு தடவை படித்தார். வெள்ளைத்துரை, செல்லக்கிளி. இரண்டுமே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெயர்கள். பட்டியலில் சிவப்புக் கோடு போடுகிறவனும் அந்தப் பக்கத்து ஆள். இதற்கு மேல் என்ன வேண்டும்? தங்கைக்குப் போன் போட்டு, அவன் எதிரிலேயே, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். போனை வைத்ததும் அழகுபாண்டி தலையைத் தூக்கினான்.

“அக்கா, நீங்க பேசுனது எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நடுவுல எம்பேரு நாலு தடவ வந்துச்சு.”

“சரி, நேராவே கேக்குறேன். இத எழுதி விட்டது நீதான?”

அவன் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தான். “இல்லக்கா. நான் வேற நெனச்சேன். புத்தகத்த நீங்கதான் யாருக்கோ குடுத்துட்டு, அலமாரியப் பூட்டி வச்சிருக்கீகன்னு நெனச்சேன். ஒங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கோன்னு ஆபீஸ்லயும் சொல்லித்தான் அனுப்புனாக.”

ராதாமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது வருஷமாகத் தனக்குத் தோன்றியது வெறும் தோற்றமில்லை என்று ஒருவன் வாயால் சொல்லிவிட்டான். நெஞ்சு லேசானது போலிருந்தது. சாவியை எடுத்துப் போய் அலமாரியைத் திறந்தார்.

‘வெ’ டிரேயில் அவர் கையெழுத்திலேயே அட்டை இருந்தது. வெள்ளைத்துரை, ஒப்பாரிப் பாடல்கள், ஆசிரியரே வெளியிட்டது, 1967. அதிலிருந்த எண்ணை அழகுபாண்டி கம்ப்யூட்டரில் போட்டான். வெள்ளைத்துரையை இரண்டாக வெட்டி, ‘துரை, வெள்ளை’ என்று ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தார்கள். தலைப்பிலும் இரண்டு எழுத்துப் பிழை. அவன் சிரித்துவிட்டான். ராதாமணி சிரிக்கவில்லை, நேரே புத்தக அலமாரிக்குப் போனார். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே, எண் சொன்ன அதே இடத்தில், அந்தப் புத்தகம் மெலிசாக நின்றது. படிக்க எடுத்துக் கொடுத்த கடைசித் தேதி முத்திரை 1989.

திரும்பி வந்தபோது அழகுபாண்டி வேறோர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ‘வெள்ளத்துரை – வெள்ளைத்துரை காண்க’ என்று இருந்தது அதில். இது என்ன என்று கேட்டான். ஒரே பெயரைச் சனங்கள் நாலு விதமாக எழுதுவார்கள். எந்த விதமாகத் தேடி வந்தாலும் சரியான இடத்துக்கு அனுப்புகிற அட்டை அது. அப்படி நாலாயிரத்துச் சொச்சம் எழுதி வைத்திருந்தார். இவை புத்தகங்கள் இல்லை என்று கம்பெனிக்காரர்கள் அப்படியே ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

பெயரை எப்படித் தட்டினாலும் சரியான புத்தகம் வரவேண்டும் என்று மூன்று மாதமாக அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வேலையில் பாதி அந்த டிரேக்களில் கிடந்தது. “இத மொதல்லயே காட்டியிருக்கலாம்லக்கா” என்றான்.

“நீ கேட்டியா?” என்றார் ராதாமணி.

ஆனாலும் அட்டைகளை உடனே கொடுத்துவிடவில்லை. கொடுத்த மறுநாளே தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஒரு வாரம் யோசித்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டார். அட்டை ஒன்றுகூட அறையை விட்டு வெளியே போகக்கூடாது, அவரேதான் தட்டுவார். இன்னொன்று, பட்டியலில் எந்தப் பதிவை யார், எந்தத் தேதியில், என்னவென்று மாற்றினார்கள் என்பது அந்தப் பதிவின் கீழேயே தெரியவேண்டும், அழிக்கவும் முடியக்கூடாது. இனி எவனும் அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஊரை விட்டுப் போகமுடியாது. அழகுபாண்டி நாலு நாளில் அதைச் செய்துவிட்டான். தான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று பின்னாளில் சொல்வான்.

மெமோவுக்குப் பதிலாக, கெடு முடிவதற்குள்ளேயே, அட்டையின் நகலையும், திரையின் அச்சையும், புத்தகத்தின் முத்திரைப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆபீஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபைலை மூடியது.

புத்தகம் இருக்கிறது என்று அழகுபாண்டி பதில் எழுதியதும், அடுத்த சனிக்கிழமை செல்லக்கிளி பஸ் ஏறி வந்தார். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. உண்மையிலேயே அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்ற சந்தேகம் அப்போதுதான் ராதாமணிக்குத் தீர்ந்தது. உடனே வேறொன்று வந்தது. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டால்? புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

செல்லக்கிளி எதையும் தேடவில்லை, நேரே நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தார். பாட்டின் அடியில் ‘பாடியவர்: ஒச்சாயி’ என்று இருந்தது.

“எங்கம்மா. செத்து ஆறு வருசமாச்சு. போட்டோ ஒண்ணு கெடையாது. அது பேரு அச்சுல வந்தது இந்த ஒரே எடத்துலதான்” என்றார். விரலை அந்தப் பெயர்மேல் வைத்தார், எடுக்கவில்லை.

ராதாமணி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே இரண்டு நகல் எடுத்தார். ஒன்று செல்லக்கிளிக்கு. இன்னொன்றை அன்று சாயங்காலம் வில்லாபுரத்துக்குக் கொண்டுபோனார். கணவர் இது எதற்கு என்று கேட்டார். ராதாமணி அதை மற்ற நகல்களோடு சேர்த்து வைத்தார்.

நாலாயிரம் அட்டைகளையும் தட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. ஒவ்வொன்றின் கீழும் ராதாமணி என்ற பெயரும் தேதியும் விழுந்தன. அழகுபாண்டி காலையில் எடுக்கும் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் சுருங்கிவிட்டது. வேறு இரண்டு கல்லூரிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எதைக் குறித்துக்கொண்டு போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தபடியே ராதாமணி காப்பி கொடுத்தார்.

2009 மே மாதம் அழகுபாண்டிக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று இணையப் பட்டியலுக்கான மூன்று பாஸ்வேர்டுகளையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, ராதாமணி கையில் கொடுத்தான். “வாரேன்க்கா” என்றான். ராதாமணி வாசல்வரை வந்து, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அவன் ஏறிய பஸ் மேலூர் தாண்டுவதற்குள் மூன்று பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்.