ஆயாவின் கைநாட்டும் பேத்தியின் பல்லும்

ஸ்கேன் என்றதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் குகை மாதிரி இருந்த மிஷினுக்குள் தள்ளி அதைத்தான் எடுத்தார்கள். பிறகு ஆபரேஷன் என்றார்கள். அவர் வீடு திரும்பவில்லை. இப்போது எட்டு வயதுப் பேத்தியின் தூக்கலான முன்பல்லுக்கும் ஸ்கேனாம்.

அவளுக்கு வேறு பயம். போன மாதம் இன்னொரு டாக்டரிடம் பல் அளவெடுக்கப் போனோம். கரண்டி போன்ற தட்டில் ரோஸ் நிற மாவைக் குழைத்து மேல்வாயில் அழுத்தினார்கள். இறுகும்வரை அசையக்கூடாது. பிள்ளைக்குத் தொண்டை அடைத்து, கண் பிதுங்கி, தின்ற இட்லியெல்லாம் டாக்டர் சட்டையில். அன்றிலிருந்து ரோஸ் ஐஸ்கிரீமைக் கண்டாலும் வாயைப் பொத்துகிறாள். எனக்குப் பல்செட் கட்டியபோதும் அந்த மாவுதான். எனக்கென்னவோ இனிப்பாகத்தான் இருந்தது!

அளவில்லாமல் கிளிப் போட முடியாது. பள்ளியில் ‘முயல்’ என்கிறார்கள். சிரிக்கும்போதுகூடக் கையால் வாயை மறைக்கிறாள். இன்றும் பயந்துவிட்டால் இனி எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்கமாட்டாள்.

புதுப் பல் டாக்டரைப் பார்க்க லாஸ்பேட்டைக்கு ஆட்டோவில் போகும்போது கேட்டாள்.

“ஆயா, மாவு வெப்பாங்களா?”

“இல்லடி, ஸ்கேனாம்.”

“தாத்தாவுக்கு எடுத்தாங்களே, அதுவா?”

நான் ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அங்கே சம்மதம் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். எனக்குக் கையெழுத்து வராது. பெருவிரலில் மை தடவி வைத்தேன். பிள்ளை அலறினாள்.

“கைநாட்டு வாங்கிட்டாங்க! ஆபரேஷன் பண்ணப் போறாங்க! தாத்தாவுக்கும் இப்டித்தான் வாங்கினாங்க!”

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பதறவில்லை. “ஆயா, அந்த வெரல இப்டி காட்டுங்க” என்று தடித்த பிரஷ் மாதிரி ஒன்றை என் விரல்மேல் ஓட்டினாள். பக்கத்துத் திரையில் என் பெருவிரல், ரேகையும் மையுமாக, பூசணிக்காய் அளவுக்கு எழுந்தது.

பேத்தி அழுகையை விட்டு எட்டிப் பார்த்தாள். “ஐய, எவ்ளோ அழுக்கு!”

“இதாம்மா ஸ்கேன். போதும்னா கைய தூக்கு, எடுத்துடறேன்.”

“மாவு வெச்சப்பவும் தூக்கினேன். எடுக்கவேயில்ல.”

“மாவ பாதியில எடுத்தா அளவு கெட்டுடும். இத நிறுத்தி நிறுத்தி எடுக்கலாம்.”

மெல்ல வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பக்கம் போனதும் குமட்டினாள், கை எழுந்தது. டாக்டரம்மா உடனே வெளியே எடுத்தாள். மறுபடி ஆரம்பித்ததும் மறுபடி கை. அதற்கப்புறம் இரண்டு முறை. அவை சும்மா சோதித்துப் பார்க்க என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா நிறுத்தினாள். திரையில் ஒவ்வொரு பல்லாக வந்து, கடைசிப் பல்லின் இடமும் நிரம்பியது.

“ஆயா, இது என் கைநாட்டா?”

நான் இன்னும் பயத்தில் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“முடிஞ்சிடுச்சி ஆயா, நீங்க வாயத் தெறக்கலாம்” என்றாள் டாக்டரம்மா.

“கைநாட்டு இல்லடி, பல்நாட்டு!” என்று நான் திறந்த வேகத்தில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கை வாய்ப்பக்கம் போகவேயில்லை.